வால்டார்ஃப் பள்ளி: மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை

வால்டார்ஃப் பள்ளி என்பது மூன்று, நான்கு வயதில் சேரும் குழந்தை பதினெட்டு வயதில் வெளியேறும் வரை ஒரே கல்விக் கொள்கையில் நடத்தப்படும், பெரும்பாலும் தனியார் கையில் உள்ள மாற்றுக் கல்விப் பள்ளி. ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் (1861–1925) வகுத்த முறை என்பதால் இதை ஸ்டைனர் பள்ளி என்றும் சொல்வதுண்டு. ஜெர்மனியில் தோன்றிய இந்தப் பள்ளிகள் இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. இந்தியாவில் ஐதராபாத்தின் ஸ்லோகா, மும்பையின் திரிதா ஆகியவை பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் எல்லோ டிரெயின் பள்ளி இந்த முறையைத் தழுவி நடக்கிறது.

பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோரின் கண்ணில் முதலில் படுவது மரப் பொம்மைகள், மென்மையான வண்ணம் பூசிய சுவர்கள், பாடப்புத்தகம் இல்லாத மேசைகள். இவற்றை எந்தப் பள்ளியும் ஒரு வாரத்தில் வாங்கி வைத்துவிடலாம். எந்த வயதில் எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்காமல் காத்திருக்க வேண்டும் என்ற கணக்குதான் இம்முறையின் உயிர். அந்தக் கணக்கை வகுப்பறையில் நடத்திக் காட்டத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே பள்ளியின் தரம் அமையும்.

தோற்றம்

முதல் உலகப் போரில் தோற்று ஜெர்மனி தடுமாறிக்கொண்டிருந்த 1919இல், ஸ்டுட்கார்ட் நகரின் வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலையை நடத்திவந்த எமில் மோல்ட், தொழிலாளர்களிடம் பேச ஸ்டைனரை அழைத்தார். ஏப்ரல் 23 அன்று நடந்த அந்தப் பேச்சையொட்டி, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. செப்டம்பர் 7 அன்று பள்ளி திறக்கப்பட்டது. எட்டு வகுப்புகளில் சேர்ந்த 256 பிள்ளைகளில் 191 பேர் ஆலைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பள்ளியின் பெயரும் ஆலையின் பெயரிலிருந்து வந்ததுதான்.

அன்றைய ஜெர்மனியில் உயர்கல்விக்குப் போகிற பிள்ளையும் பட்டறைக்குப் போகிற பிள்ளையும் சிறு வயதிலேயே தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்பட்டார்கள். புதிய பள்ளி இதை ஏற்கவில்லை. ஆணும் பெண்ணும், தொழிலாளி பிள்ளையும் அதிகாரி பிள்ளையும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாகப் படிக்க வேண்டும், பள்ளியை ஆசிரியர்களே நிர்வகிக்க வேண்டும் என்பவை அதன் தொடக்க நிபந்தனைகள். நாஜி ஆட்சி 1938இல் ஸ்டுட்கார்ட் பள்ளியை மூடியது. போர் முடிந்ததும் 1945இல் அது மீண்டும் திறந்தது.

தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை இந்தியாவில் பெரும்பாலும் நகரத்து நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களுக்கு மட்டுமே எட்டும் கட்டணத்தில் நடக்கிறது. இது வருந்தத்தக்க மாற்றம். ஆசிரியர் ஊதியமும் சிறிய வகுப்புகளும் செலவை உயர்த்துகின்றன என்பது உண்மை. ஆனாலும் கட்டணச் சலுகை உண்டா என்று சேர்க்கையின்போது தயங்காமல் கேட்பது நல்லது.

ஏழு வயது வரை

மழலைப் பிரிவில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரே அறையில் கலந்திருப்பார்கள். எழுத்து, எண், ஏடு எதுவும் இல்லை. சிறு குழந்தை பார்த்துச் செய்து கற்கிறது என்பது ஸ்டைனரின் அடிப்படைக் கருத்து. அதனால் ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை; குழந்தைகளின் கண்முன் வேலை செய்கிறார். மாவு பிசைகிறார், கிழிந்த பொம்மையைத் தைக்கிறார், அறையைப் பெருக்குகிறார். விரும்பிய குழந்தை வந்து சேர்ந்துகொள்ளும். மற்றவை துணியையும் பலகையையும் வைத்து வீடு கட்டி விளையாடும்.

பார்ப்பதற்குத் தளர்வாகத் தெரியும் இந்த நாளுக்கு இறுக்கமான ஒழுங்கு உண்டு. விளையாட்டு, வட்டமாக நின்று பாட்டு, சிற்றுண்டி, வெளியே ஓட்டம், கதை, ஓய்வு என்ற வரிசை நாள்தோறும் மாறாது. ஒரே கதையை ஆசிரியர் புத்தகம் பார்க்காமல் பல நாட்கள் திரும்பத் திரும்பச் சொல்வார். இரண்டாம் வாரத்தில் குழந்தைகளே அதைத் துணிப் பொம்மைகளை வைத்து நடித்துக்கொண்டிருப்பார்கள். பொம்மைகளுக்கு முகம் தெளிவாக இராது. மீதியைக் குழந்தையின் கற்பனை வரைந்துகொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

வீட்டில் தொலைக்காட்சியும் கைபேசியும் கூடாது என்று பள்ளி கேட்டுக்கொள்ளும். சில பள்ளிகள் இதை எழுத்திலேயே வாங்கிக்கொள்கின்றன. தாத்தா பாட்டியோடு கூட்டுக் குடும்பமாக வாழும் வீட்டில் இது எளிதல்ல. சேர்த்த பிறகு சண்டை போடுவதைவிட, சேர்க்கும் முன்பே வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசிவிடுவது மேல். எல்.கே.ஜி. படிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கும்போது தங்கள் பேரனுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற கவலை முதலில் அவர்களுக்குத்தான் வரும்.

அந்தக் கவலைக்கு ஓரளவு பதில் உண்டு. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட்டும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும், ஸ்டைனர் பள்ளிகளில் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். தாமதமாகத் தொடங்கியவர்கள் ஏறத்தாழ பதினொரு வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிட்டார்கள். ஆனால் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தையின் சிக்கல் இந்தக் காத்திருப்பில் மறைந்துபோகலாம். 'தானாக வரும்' என்ற பதிலை எட்டு வயதுக்குப் பிறகும் பள்ளி சொல்லிக்கொண்டிருந்தால், வெளியே ஒரு வல்லுநரிடம் சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை

ஏழாம் வயதில் முறையான பாடம் தொடங்குகிறது. ஒன்றாம் வகுப்பில் பொறுப்பேற்கும் வகுப்பாசிரியர் அதே பிள்ளைகளோடு எட்டாம் வகுப்பு வரை போவது மரபு. கணக்கு, மொழி, வரலாறு, அறிவியல் என முதன்மைப் பாடங்களை அவரே நடத்துவார். அயல்மொழி, இசை, கைவேலை, யூரித்மி எனப்படும் அசைவுக் கலை ஆகியவற்றுக்குத் தனி ஆசிரியர்கள் வருவார்கள்.

காலையின் முதல் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முதன்மைப் பாடத்துக்கு உரியது. மூன்று, நான்கு வாரங்களுக்குத் தினமும் ஒரே பாடம் நடக்கும். பின்னங்கள் என்றால் அந்த மாதம் முழுவதும் காலையில் பின்னங்கள்தான். அது முடிந்ததும் விலங்கியலோ புவியியலோ வரும். கணக்கு சில வாரங்கள் உறங்கும். மறப்பதும் கற்றலின் ஒரு பகுதி, திரும்ப எடுக்கும்போது பாடம் ஆழமாகப் பதிந்திருக்கும் என்பது இம்முறையின் துணிபு. கணக்கைப் பொறுத்தவரை இது முழுதாகப் பலிப்பதில்லை என்பதால், இடையில் வாரம் சில மணி நேரம் கணக்குப் பயிற்சி தரும் பள்ளிகளே பிள்ளைகளுக்கு நல்லது செய்கின்றன.

ஒன்றாம் வகுப்பின் முதல் பாடம் இரண்டே கோடுகள்: ஒன்று நேர்கோடு, மற்றது வளைகோடு. ஒவ்வொரு குழந்தையும் கரும்பலகைக்கு வந்து இரண்டையும் வரையும். எழுத்துகள் பின்னர் கதையிலிருந்தும் படத்திலிருந்தும் பிறக்கும். தமிழில் இப்படிச் செய்ய விரும்பும் ஆசிரியர், மழையில் தண்ணீர் நிரம்பிய ஒரு பள்ளத்தைப் பற்றிக் கதை சொல்லி, அதன் இரு கரைகளையும் அடித்தரையையும் வண்ணத்தில் வரைந்து, மறுநாள் அதிலிருந்து 'ப'வை எடுத்துக் காட்டலாம். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறுக்கு இது போதும். தமிழின் உயிர்மெய் வரிசை முழுவதையும் படத்தில் அடக்க முடியாது; அங்கே குறியீடுகளின் ஒழுங்கையே தாளத்தோடும் அசைவோடும் கற்பிக்க வேண்டியிருக்கும். இதை யோசித்து வைத்திருக்கிற பள்ளி, தாய்மொழியை உண்மையாகவே மதிக்கிற பள்ளி.

கணக்கிலும் முழுமையிலிருந்து பகுதிக்குப் போவது வழக்கம். ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்பதற்குப் பதில், பன்னிரண்டை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று கேட்பார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் முதல் ஆண்டிலேயே அறிமுகமாகிவிடும். வாய்ப்பாட்டைக் கைதட்டி, நடந்து, பந்து எறிந்து சொல்வார்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கதைக்களம் உண்டு. ஒன்றில் தேவதைக் கதைகள், இரண்டில் விலங்குக் கதைகளும் அருளாளர் வரலாறுகளும், மூன்றில் பழைய ஏற்பாடு, நான்கில் நார்ஸ் புராணம், ஐந்தில் பண்டைய இந்தியா முதல் கிரேக்கம் வரை, ஆறில் ரோமாபுரி என்பது ஐரோப்பிய வரிசை. இந்தியப் பள்ளிகள் இதில் பஞ்சதந்திரத்தையும் இதிகாசங்களையும் சேர்க்கின்றன. சங்கப் பாடல்களின் நிலக் காட்சிகளுக்கும் நாயன்மார், ஆழ்வார் கதைகளுக்கும் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் நிறையவே இடம் இருக்கிறது.

ஒன்பது வயதை ஒட்டி, தான் வேறு உலகம் வேறு என்ற உணர்வு குழந்தைக்கு வருகிறது. தனிமையும் அச்சமும் கேள்விகளும் கூடுகின்றன என்று ஸ்டைனர் கருதினார். மூன்றாம் வகுப்பின் பாடங்கள் இதற்கான மருந்துபோல அமைந்தவை. நெல்லோ கோதுமையோ விதைத்து அறுப்பது, சிறு குடில் கட்டுவது, முழமும் சாணும் முதல் மீட்டர் வரை அளப்பது என உலகத்தில் தன் கையால் நிற்கப் பழக்குவார்கள். பின்னங்கள் அடுத்த ஆண்டு வருகின்றன. முழுமை உடைவதை உள்ளுக்குள் உணர்ந்த பிள்ளைக்கு ஆப்பிளை அரையும் காலுமாக வெட்டுவது புரியும் என்பது விளக்கம்.

கைவேலை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. முதல் வகுப்பிலேயே இரண்டு ஊசிகளால் பின்னத் தொடங்கி, ஐந்தாம் வகுப்பளவில் நான்கைந்து ஊசிகளால் காலுறை பின்னும் நிலைக்கு வருவார்கள். காலுறையின் குதிகாலைத் திருப்புவதற்குத் தையல்களை எண்ணிக் குறைக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு மறுபடி பின்ன வேண்டும். இசையில் தொடக்கம் ஐந்து சுரக் குழல். அதன் சுரங்கள் மோகன ராகத்தை ஒத்தவை என்பதால் தமிழ்க் குழந்தையின் காதுக்கு அந்நியமாக இராது.

அறிவியல் ஆறாம் வகுப்பில் ஒலியிலிருந்து சூடு பிடிக்கும். ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஆசிரியர் நுண்மணலைத் தூவி, வயலின் வில்லால் தகட்டின் விளிம்பை இழுப்பார். ஒலி எழும்போதே மணல் துள்ளி நகர்ந்து கோடுகளாகக் கூடும். இழுக்கும் இடத்தை மாற்றினால் கோலம் மாறும். அன்று விளக்கம் எதுவும் கிடையாது. பார்த்ததைப் பிள்ளைகள் வரிசை மாறாமல் சொல்வார்கள். பொருள்களை ஒதுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலை நினைவிலிருந்து வரைந்து எழுதிய பிறகுதான் மணல் ஏன் சில இடங்களில் தங்கியது என்ற பேச்சு தொடங்கும். அதிரும் இடம் மணலை உதறுகிறது, அதிராத இடத்தில் மணல் சேருகிறது என்பதை வகுப்பே கண்டு சொல்லும். சூத்திரத்தை முதலில் எழுதிப்போட்டுச் சோதனையைப் பிறகு காட்டும் வழக்கமான முறையோடு ஒப்பிட்டால், இந்த ஓர் இரவு இடைவெளியின் மதிப்பு விளங்கும்.

இந்தப் பாடங்களையெல்லாம் பிள்ளைகள் வெற்றுத்தாள் நோட்டில் தாங்களே எழுதி வரைந்து பாடநூலாக்குவார்கள். பள்ளியைப் பார்க்கச் செல்பவர்கள் இந்த நோட்டுகளைக் கேட்டுப் புரட்ட வேண்டும். முப்பது நோட்டிலும் ஒரே வாக்கியமும் ஒரே படமும் இருந்தால் அது கரும்பலகையிலிருந்து நகல் எடுக்கும் வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒவ்வொரு நோட்டிலும் அந்தந்தப் பிள்ளையின் சொந்த நடை தெரிய வேண்டும்.

மதிப்பெண்ணும் ரேங்க்கும் இந்த எட்டு ஆண்டுகளில் பெரும்பாலும் இல்லை. ஆண்டு முடிவில் ஆசிரியர் பிள்ளையைப் பற்றி விரிவாக எழுதித் தருவார்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

உயர்நிலையில் வகுப்பாசிரியர் விலகுகிறார். பாட வல்லுநர்கள் வருகிறார்கள். கற்பனையும் கதையும் நடத்திய இடத்தைத் தர்க்கமும் ஆராய்ச்சியும் எடுத்துக்கொள்கின்றன. பத்தாம் வகுப்பில் நில அளவை, பதினொன்றில் வீழ்ப்பு வடிவியல், தச்சு, உலோக வேலை, நாடகம் எனப் பாடங்கள் விரியும். ஜெர்மனியில் பண்ணையிலும், முதியோர் இல்லம் போன்ற சேவை இடங்களிலும் சில வாரங்கள் வேலை செய்வது உயர்நிலையின் பகுதி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தானே தேர்ந்த பொருளில் ஓராண்டு உழைத்து, எல்லார் முன்னிலையிலும் விளக்குவார். படகு கட்டியவரும் உண்டு, நாட்டார் பாடல் தொகுத்தவரும் உண்டு.

இந்தியாவில் இந்தப் பகுதிதான் பலவீனமானது. பல பள்ளிகள் ஐந்தாம் அல்லது எட்டாம் வகுப்போடு நிற்கின்றன. மேலே நடத்தும் பள்ளிகளும் பொதுத்தேர்வுக்காகத் தடம் மாற வேண்டியிருக்கிறது. சில ஐ.ஜி.சி.எஸ்.இ.யையும், சில ஐ.சி.எஸ்.இ.யையும், சில தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வையும் நாடுகின்றன. திறந்தநிலைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை பின்னாளில் சேர விரும்பும் படிப்புக்கு அந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்புகளும் எச்சரிக்கைகளும்

ஸ்டைனரின் கல்விமுறைக்குப் பின்னால் ஆந்த்ரபோசபி எனப்படும் அவருடைய ஆன்மிகத் தத்துவம் இருக்கிறது. மறுபிறப்பு, கர்மம் ஆகியவற்றை அது ஏற்கிறது. அவர் முன்பு பிரம்மஞான சபையின் ஜெர்மன் பிரிவுக்குத் தலைமை வகித்து, 1912–13இல் பிரிந்து வந்தவர். நல்ல பள்ளிகள் இத்தத்துவத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதில்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சியில் அது உண்டு. குழந்தைகளை நான்கு குணவகைகளாகப் பிரித்துப் பார்க்கும் பழைய பழக்கமும் அதன் வழி வந்தது. 'இவன் இந்தக் குணம்' என்று ஓர் ஆசிரியர் ஏழு வயதுப் பிள்ளையை முத்திரை குத்தினால் பெற்றோர் மறுத்துப் பேசத்தான் வேண்டும்.

ஸ்டைனரின் எழுத்துகளில் இனங்களைத் தரம் பிரிக்கும் பகுதிகள் இருப்பதும் மறைக்கக் கூடாத உண்மை. ஜெர்மன் வால்டார்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு 2007இல் ஸ்டுட்கார்ட் அறிக்கை என்ற பெயரில் எல்லா வகைப் பாகுபாட்டையும் மறுத்து வெளிப்படையாக அறிவித்தது.

தடுப்பூசி மற்றொரு சிக்கல். மேலை நாடுகளில் இப்பள்ளிகளைச் சுற்றித் தடுப்பூசி மறுக்கும் பெற்றோர் கூடுவது வழக்கமாகி, 2018இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பள்ளியில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சின்னம்மை பரவியது. ஜெர்மனி 2020 மார்ச் முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. வால்டார்ஃப் பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு தவணையைக்கூடத் தவிர்க்கத் தேவையில்லை.

பள்ளியைத் தேர்வதும் மாறுவதும்

கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி அரசின் அங்கீகாரம் இல்லாமல் எந்தப் பள்ளியும் நடத்தக் கூடாது. மாற்றுக் கல்வி என்ற பெயர் இதிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. அங்கீகார ஆணையின் எண்ணையும், அது எந்த வகுப்பு வரை செல்லும் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான எமிஸில் குழந்தைக்கு எண் பதிவாகிறதா என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால் வேறு பள்ளிக்கு மாறும்போது இடர் வரும்.

அடுத்தது ஆசிரியர்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை வகுப்பாசிரியர்கள் நடுவில் விலகினார்கள் என்ற கேள்விக்குத் தாளாளர் நேராகப் பதில் சொன்னால் பாதி விஷயம் தெரிந்துவிடும். எட்டு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் என்ற ஏற்பாடு, ஆசிரியர் நல்லவராகவும் நிலைத்தவராகவும் இருந்தால் வரம். பிள்ளைக்கும் அவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் அது நீண்ட தண்டனை. அப்படி ஆனால் பள்ளி என்ன செய்யும் என்பதையும் முன்கூட்டியே கேட்கலாம். ஒன்று, நான்கு, ஏழு ஆகிய மூன்று வகுப்புகளில் ஒரு காலைப் பாடத்தையாவது உட்கார்ந்து பார்க்க அனுமதி பெறுவது நல்லது. மழலை வகுப்பை மட்டும் காட்டி அனுப்பும் பள்ளியிடம் மேல் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டும்.

பள்ளி, பெற்றோரின் நேரத்தையும் எதிர்பார்க்கும். மாதக் கூட்டம், விழாவுக்கான வேலை, வார இறுதியில் தோட்டம் என அழைப்பு வந்துகொண்டிருக்கும். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடையில் வேறு பள்ளிக்கு மாற நேர்ந்தால் காலம் பார்த்து மாற்றுவது குழந்தைக்கு உதவும். இரண்டாம் வகுப்பு முடியும்போது மாற்றினால் வாசிப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருக்கும். சில மாதங்கள் வீட்டில் துணை வேண்டியிருக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறில் சேர்ப்பது பெரும்பாலும் எளிது. எட்டு முடித்து ஒன்பதில் சேரும் பிள்ளைக்குப் பாடம் சிரமமாக இராது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுதும் பழக்கம்தான் குறைவாக இருக்கும். அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் பழைய வினாத்தாள்களைக் கொடுத்து நேரம் வைத்து எழுதச் செய்தால் போதும். மாற்றுச் சான்றிதழோடு, ஆசிரியர் ஆண்டுதோறும் எழுதித் தந்த அறிக்கைகளின் நகல்களையும் முதன்மைப் பாட நோட்டுகள் சிலவற்றையும் கொண்டுபோனால், மதிப்பெண் பட்டியல் இல்லாத பிள்ளையை எந்த வகுப்பில் வைப்பது என்று புதிய பள்ளியின் தலைமையாசிரியர் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.